இரைக்கும் நெஞ்சும் நிலைத்த பார்வையும்

சித்தம் அடங்கிய பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்பது நம்மில் பலர் இளமை முதல் கேட்டு வளர்ந்த உபதேசம். வைகறையில் எழுந்து நீராடி, ஓசையற்ற ஓர் இடம் நாடி அமர்ந்து, மூச்சை ஒழுங்குபடுத்தி, மனம் ஒருவாறு தெளிந்த பின் உலக விவகாரங்களில் புகுந்தோமானால், அந்தத் தெளிவு அந்திவரை நம்மோடு துணை வரும் என்று நம்புகிறோம். ஆனால், பூஜையறையில் சேர்த்த அமைதி சாலைக் கடைத்தெருவின் முதல் நெரிசலிலேயே கரைந்து போவதை அறியாதவர் இந்தத் திருவனந்தபுரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அப்படியானால், சாந்தி என்பது ஓய்விலே மாத்திரம் கிட்டி உழைப்பிலே பறிபோகும் பொருள்தானா, அன்றி உழைப்பின் உச்சத்திலேயே, உடல் பதறிக்கொண்டிருக்கும்போதே, சித்திக்கக் கூடியதா என்ற வினா எழுகிறது. வேதாந்த விசாரத்துக்கு உரிய இவ்வினாவைப் பனிநாட்டு விளையாட்டு ஒன்றின் வழியே, அதில் தலைசிறந்து நின்ற ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். எனக்கோ அதைவிடப் பொருத்தமான திருஷ்டாந்தம் கிடைக்கவில்லை.

அந்த விளையாட்டுக்குப் பயாத்லான் என்று பெயர். நீண்ட சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டி, இரு கைகளிலும் கோல் ஊன்றி, மூன்றரைக் கிலோவுக்குக் குறையாத துப்பாக்கியை முதுகில் சுமந்து, மேடும் பள்ளமுமான பனிப்பாதையில் விரைந்து வரும் வீரன், ஓட்டத்தின் இடையிடையே குறிமேடைக்கு வந்து, 50 மீட்டர் தொலைவில் வரிசையாக இருக்கும் ஐந்து கரிய வட்டங்களை ஐந்து குண்டுகளால் வீழ்த்த வேண்டும். ஒரு முறை குப்புறப் படுத்துச் சுட வேண்டும். மறுமுறை நின்று சுட வேண்டும். படுத்துச் சுடுகையில் குறியின் விட்டம் 45 மில்லிமீட்டர், அதாவது ஓர் எலுமிச்சம்பழத்தின் அளவு. நின்று சுடுகையில் 115 மில்லிமீட்டர். தவறிய ஒவ்வொரு குண்டுக்கும், பெரும்பாலான பந்தயங்களில், 150 மீட்டர் நீளமுள்ள தண்டனை வளையத்தை ஒரு தரம் சுற்றிய பிறகே பாதைக்குத் திரும்பலாம். 2015-ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுகளின்போது துப்பாக்கிச் சுடும் போட்டிகள் நிகழ்ந்த நம் வட்டியூர்க்காவுத் தளத்திலும் 50 மீட்டர்க் குறி உண்டு. ஆனால் அங்கே வருபவர் ஓடி வருவதில்லை. நாடி தணிந்து, மூச்சு ஒடுங்கி, தம்மை முற்றும் திரட்டிக்கொண்ட பிறகே விசையில் விரல் வைக்கிறார். பயாத்லான் வீரனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

குறிமேடையை நெருங்கும்போது அவனுடைய இதயம் நிமிஷத்துக்கு 180 தடவை வரை அடித்துக்கொண்டிருக்கும். கடைசிச் சிறு தூரத்தில் வேகத்தைத் தளர்த்தி அதை ஓரளவு இறக்குவான்; அப்படி இறக்கியும் 150 துடிப்பு எஞ்சி நிற்குமானால், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே உள்ள அவகாசம் ஒரு விநாடியில் ஐந்தில் இரண்டு பங்கே ஆகும். படுத்திருக்கையில் துப்பாக்கியை மேற்கையோடு பிணைக்கும் வார் அங்கே ஓடும் நாடியின் மேல் அழுந்துவதால், நெஞ்சின் அதிர்ச்சி வார் வழியே ஏறிக் குழலின் முனையை அசைக்கும். இவ்வளவும் ஓயும்வரை காத்திருப்போம் என்றால் பந்தயம் கைவிட்டுப் போகும். ஐந்து குண்டுகளையும் அரை நிமிஷத்துக்குள் முடிப்பவர்களே முன்னணியில் நிற்கிறார்கள்.

அவன் செய்வதுதான் என்ன? இரண்டு மூன்று தரம் ஆழ்ந்து மூச்சு வாங்குகிறான். கடைசி மூச்சில் ஒரு பகுதியை வெளியே விட்டு எஞ்சியதை நிறுத்துகிறான். அந்த நிறுத்தத்தில் ஒரு குண்டு, பின் ஒரு மூச்சு, மறுபடி ஒரு குண்டு. கண்ணுக்கு அருகிலே உள்ள சிறு துவாரத்தின் வழியாக, குழல் முனையிலுள்ள வளையத்துக்குள்ளே, தூரத்துக் கறுப்பு வட்டம் மிதந்து அலைவதைப் பார்க்கிறான். தூரத்தைக் கிட்டே காட்டும் கண்ணாடி எதுவும் அந்தத் துப்பாக்கியில் அனுமதிக்கப்படுவதில்லை. புதிதாகப் பழகுகிறவன், வட்டம் நடுவில் வந்த கணத்திலே விசையைச் சட்டென்று இழுக்கிறான். அந்த இழுப்பே குழலைத் திருப்பி விடுகிறது. கைதேர்ந்தவனோ, அலைவதை அலைய விட்டு, விரலின் அழுத்தத்தைச் சீராகக் கூட்டிக்கொண்டே போகிறான். குண்டு தன் பதத்தில் தானே புறப்படுகிறது. அசைவு ஒருபோதும் நிற்பதில்லை. நின்றுபோவது, அசைவைக் கண்டு அவன் கொள்ளும் பதற்றம்.

இந்த ஒரு நுட்பத்திலேயே யோகசாஸ்திரத்தின் பெரும்பகுதி அடங்கிக் கிடக்கிறது என்று நான் கருதுகிறேன். சித்த விருத்திகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அடக்கப் புறப்படுகிற சாதகனுக்கு, அடக்குகிற முயற்சியே புதியதொரு விருத்தியாகி விடுகிறது. எழுவதை எழவும் விழுவதை விழவும் விட்டு, பார்வை மட்டும் பிசகாதிருக்கக் கற்றவனிடத்தில், துடிக்கும் இதயம் துடித்துக்கொண்டிருக்க, அத்துடிப்பை அறிகின்ற ஒன்று துடிக்காமல் இருக்கிறது. வேதாந்திகள் சாட்சி என்று சொல்வது அதனைத்தான். அது குகையிலே அமர்ந்தவனுக்கு மட்டுமே காணக்கிடைப்பது என்று எந்த உபநிஷதமும் வரையறுக்கவில்லை.

வில்வித்தையையும் மன ஒருமையையும் சேர்த்துப் பேசும்போதெல்லாம், துரோணர் மரக்கிளையில் வைத்த பறவையின் கண்ணை மட்டுமே கண்ட சிறுவன் அர்ஜுனனைத்தான் உபந்நியாசகர்கள் எடுத்துக் காட்டுவார்கள். அது அழகிய கதை; ஆயினும், அந்தச் சிறுவனுக்கு அன்று ஒருவரும் ஆத்மவித்தையை உபதேசிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உபதேசம் கிடைத்தது வேறோர் அர்ஜுனனுக்கு: அங்கங்கள் சோர்ந்து, வாய் உலர்ந்து, மேனி நடுங்கி, காண்டீபம் கையிலிருந்து நழுவ, நிற்கவும் மாட்டாது தேர்த்தட்டில் சாய்ந்தவனுக்கு. அவனைப் பார்த்துக் கண்ணன், நடுக்கம் தணியும்வரை பாசறையில் போய்ப் படுத்திரு என்று சொல்லவில்லை. சேனைகளின் நடுவிலேயே தேரை நிறுத்தி, அந்த நடுக்கத்தின் நடுவிலேயே யோகத்தைச் சொன்னான். இரைக்கும் நெஞ்சோடு குறிமேடையில் வந்து விழுகிற வீரனுக்கு, பறவையின் கண்ணைக் கண்ட சிறுவனைவிடத் தேர்த்தட்டில் சாய்ந்தவனே நெருங்கிய உறவினன்.

நம் ஊரிலும் இதற்கோர் உதாரணம் உண்டு. தைக்காட்டு ரெசிடென்சியில் சூப்பிரண்டாக உத்தியோகம் பார்த்த தமிழர் அய்யாவு சுவாமிகள், கணக்கும் கடிதமும் ஏவலாளரும் சூழ்ந்த அந்த வாழ்வை விட்டு விலகாமலே யோகத்தில் நிலைத்து நின்று, ஸ்ரீ நாராயண குருவுக்கும் சட்டம்பி சுவாமிகளுக்கும் யோக முறைகளைப் போதித்தார். கேரளத்தின் சமய வாழ்வையே மாற்றிய இருவர் தங்கள் ஆசானை ஓர் உத்தியோக வீட்டில் கண்டடைந்தார்கள் என்பது, நம்முடைய வினாவுக்கு இந்த மண் ஏற்கெனவே அளித்துவிட்ட விடைகளில் ஒன்று.

இனி, நான் குறிப்பிட்ட வீரருக்கு வருவோம். ஓலே ஐனார் பியோர்ண்டாலன் நார்வே தேசத்தவர். 1974 ஜனவரி 27-ஆம் தேதி பிறந்தவர். சிமோஸ்த்ராண்டா என்னும் சிற்றூரில் ஒரு பண்ணையில் வளர்ந்தவர். 1998 முதல் 2014 வரை குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகளில் அவர் வென்ற பதக்கங்கள் 13. அவற்றில் 8 தங்கம். 2002-இல் சால்ட் லேக் நகரில் ஆடவருக்கென்று நடந்த நான்கு பயாத்லான் பந்தயங்களிலும் அவரே தங்கம் பெற்றார். இத்தகைய எண்களை அடுக்குவதில் எனக்கு அதிக உற்சாகமில்லை. அவருடைய முதல் தங்கத்துக்கு முந்திய நாள் நிகழ்ந்த ஒரு சம்பவமே என் சிந்தையைப் பற்றிக்கொண்டது.

ஜப்பானில் நாகானோ, 1998 பிப்ரவரி 17. அன்று 10 கிலோமீட்டர்ப் பந்தயம். பியோர்ண்டாலன் முன்னணியில் இருந்தார். அப்போது கடும் பனிப்பொழிவும் மூடுபனியும் சேர்ந்து குறிகளை மறைக்கவே, நடுவர்கள் பந்தயத்தை நிறுத்தி, அதுவரை நடந்தது எதுவும் செல்லாது என்று அறிவித்தார்கள். ஓடிய தூரம், வீழ்த்திய குறிகள், முந்திய விநாடிகள் யாவும் இல்லாதவையாகி விட்டன. எவரிடமும் குற்றமில்லை, பழி சொல்ல ஆளுமில்லை. மறுநாள் எல்லோரும் முதலிலிருந்து தொடங்கினார்கள். மறுநாளும் பியோர்ண்டாலனே வென்றார்.

அந்த இரவில் அவர் மனத்தில் என்ன ஓடிற்று என்று நாம் புகுந்து பார்க்க இயலாது. ஆனால் இழந்ததை எண்ணிக்கொண்டே ஒருவன் மறுநாள் துப்பாக்கியின் முன் படுத்திருந்தால், அந்த எண்ணம் விரலுக்கு வந்திருக்கும் என்பது நிச்சயம். ஏனெனில், வளையத்துக்குள் மிதக்கும் அந்தக் கறுப்பு வட்டம் நேற்றையதையும் நாளையதையும் பொறுப்பதில்லை. செயலுக்கு ஐந்து காரணங்களைக் கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் கூறுகிறது: உடலாகிய இடம், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். பயாத்லான் களத்தில் இந்த ஐந்தையும் விரல் விட்டுக் காட்டலாம். இரைக்கும் உடல் உண்டு. குறிபார்க்கும் ஒருவன் உண்டு. துப்பாக்கியும் கட்டைகளும் உண்டு. மூச்சும் விசையழுத்தமுமான பிரயத்தனங்கள் உண்டு. இவற்றுக்கப்பால் காற்று உண்டு. குறிகளின் அருகே நடப்பட்ட சிறு கொடிகள் எப்படி அசைகின்றன என்று பார்த்து, பார்வைத் துவாரத்தின் திருகை இத்தனை சொடுக்கு என்று நகர்த்தி வைத்தாலும், குண்டு புறப்பட்ட பின் காற்று திரும்பினால் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. நாகானோவில் வந்தது அந்த ஐந்தாவது காரணம். தன்னை ஐந்தில் ஒன்றாகக் கண்டவனுக்குத்தான் முந்திய நாளை முந்திய நாளிலேயே விட்டுவிட முடியும்.

இங்கே ஓர் ஆட்சேபம் உண்டு. அது நியாயமானதும் கூட. பியோர்ண்டாலன் வெற்றியை விரும்பினார். நாற்பது வயது தாண்டியும் விரும்பினார். பலனில் இத்தனை நாட்டமுள்ளவரை நிஷ்காம கர்மத்துக்கு உதாரணமாக நிறுத்துவது எப்படிப் பொருந்தும்? இந்த ஊரின் சரித்திரத்திலேயே இதற்கு இணையான வினா ஒன்று உண்டு. யுத்தங்கள் செய்து, எதிரிகளைக் கடுமையாக ஒடுக்கி, திருவிதாங்கூரைக் கட்டிய மார்த்தாண்ட வர்மர், 1750-இல் அந்த ராஜ்யம் முழுவதையும் ஸ்ரீ பத்மநாபனின் திருவடிகளில் சமர்ப்பித்து, தம் வாளையும் அங்கே வைத்து, பின் பத்மநாபதாசனாக அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஆட்சியைத் தொடர்ந்தார். திருப்படிதானம் என வழங்கும் அந்தச் செயலில் பக்தி எவ்வளவு, ராஜதந்திரம் எவ்வளவு என்று சரித்திரக்காரர் வாதிடுவர். எனக்கு அந்த வாதம் முக்கியமாகப் படவில்லை. சமர்ப்பணத்தின் மறுநாளும் வரி வசூலாயிற்று, கோட்டைக்குக் காவல் தொடர்ந்தது, வழக்குகள் தீர்ந்தன. வேலையில் ஒன்றும் குறையவில்லை. வேலை யாருடையது என்பது மட்டும் மாறிற்று. பலனை விரும்பாதே என்ற கட்டளையைச் சோம்பலுக்குச் சான்றாகக் கொள்வோர் இதைச் சிந்திக்க வேண்டும். குறியை வீழ்த்த வேண்டுமென்ற விருப்பம் இல்லாதவன் குறிமேடைக்கு வரவே தகுதியற்றவன். வீழ்ந்த குறி எனக்குச் சேர வேண்டிய கடன் என்ற உரிமைதான் கழிய வேண்டியது.

தண்டனை வளையத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கர்மவினை பல ஜன்மங்களைக் கடந்து வந்து பலிக்கும் என்று படிக்கிற நமக்கு, வினைக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரிவதே இல்லை. இன்று படும் துன்பம் எந்த வினையின் பயன் என்று அறியாமல் விதியை நோகிறோம். அங்கோ, தவறிய குண்டின் பயனை அடுத்த நிமிஷமே கால்களால் அனுபவித்துத் தீர்க்கிறார்கள். வளையத்தைச் சுற்றி முடித்தால் அந்தக் கணக்கு முடிந்தது. தொடரோட்டத்தில் ஒவ்வொரு முறைக்கும் மூன்று உபரிக் குண்டுகள் தருவார்கள். ஆனால் அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் இட்டுத்தான் சுட வேண்டும். அருள் உண்டு, அதற்கும் உழைப்பு உண்டு என்று ஒரு சைவ சித்தாந்தி இதைக் கண்டால் மகிழ்ந்திருப்பார். 2014 பிப்ரவரி 8-ஆம் தேதி, தம் நாற்பதாம் வயதில், சோச்சி நகரில் பியோர்ண்டாலன் ஒரு குண்டைத் தவறவிட்டார். அந்த ஒரு வளையத்தைச் சுற்றினார். தவறியதைச் சுமந்துகொண்டு ஓடாமல், சுற்றித் தீர்த்துவிட்டு ஓடினார் என்றுதான் முடிவைப் பார்த்துச் சொல்லத் தோன்றுகிறது: இரண்டாவதாக வந்தவரை 1.3 விநாடியில் முந்தித் தங்கம் பெற்றார்.

ஆயுதத்தைப் பிடித்தவனிடம் யோகத்தைத் தேடலாமா என்ற கேள்வியையும் நான் தட்டிக் கழிக்க விரும்பவில்லை. பயாத்லான் போர்வீரரிடையே பிறந்தது. 1767-இல் நார்வே, சுவீடன் எல்லைக் காவற்படையினரிடையே நடந்த போட்டியே அதன் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. மனிதனைக் கொல்லும் பொருட்டுப் பழகிய வித்தையிலிருந்து கொலையை நீக்கி, வித்தையை மட்டும் மிச்சம் வைத்துக்கொள்ள முடியுமா? முடியும் என்பதற்கு இந்நகரில் ஆண்டுக்கு இரு முறை நிகழும் பள்ளிவேட்டையைக் காட்டுவேன். பங்குனி, ஐப்பசி உற்சவங்களின் ஒன்பதாம் நாள் இரவு, பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து விக்கிரகங்கள் எழுந்தருள, அரச குடும்பத்தின் மூத்தவர் முன்னே நடக்க, கோட்டைக்குள் வேட்டைக்கொருமகன் கோயிலருகே உள்ள இடத்துக்கு ஊர்வலம் செல்கிறது. மேளமில்லை, நாகஸ்வரமில்லை, சங்கில்லை. கூடி நிற்கும் ஜனங்களும் குரலெழுப்புவதில்லை. காலடி ஓசை மட்டும் கேட்கும். அங்கே வைத்திருக்கும் ஓர் இளநீரின் மேல் அவர் வில்லை வளைத்து ஒரே ஓர் அம்பு எய்கிறார். தீமை வீழ்ந்தது என்பது ஐதிகம். அம்பு பாய்ந்த பிறகே வாத்தியங்கள் முழங்க, ஊர்வலம் திரும்புகிறது. அந்த அம்புக்கு முன்னே ஊரே மூச்சைப் பிடித்து நிற்பதை ஒரு முறையேனும் நேரில் கண்டவர்க்கு, குறிபார்த்தல் ஒரு வழிபாடாக முடியும் என்பதைத் தர்க்கத்தால் நிறுவ வேண்டியதில்லை. எய்பவர் பத்மநாபதாசர், வில் அவருடையதன்று, வேட்டையும் அவருடையதன்று.

அந்தப் பத்மநாபனோ உள்ளே பள்ளிகொண்டிருக்கிறான். பதினெட்டு அடி நீளமுள்ள அந்தத் திருமேனியை மூன்று வாசல்கள் வழியாகப் பகுதி பகுதியாகவே தரிசிக்க இயலும்: ஒன்றில் திருமுகமும், சிவலிங்கத்தின் மேல் தாழ்ந்த வலக்கரமும், ஒன்றில் நாபிக்கமலமும் பிரமனும், ஒன்றில் திருவடிகள். கிடப்பது யோகநித்திரை; ஆயினும் நடுவாசலில் சிருஷ்டி நடந்துகொண்டிருக்கிறது. முற்றும் அசையாமையும் ஓயாத தொழிலும் ஒரே சரீரத்தில் இருப்பதைத் தலைமுறை தலைமுறையாகத் தினந்தோறும் கண்டு தொழுது வந்த இவ்வூராருக்கு, ஓடிவந்தவனின் அமைதி என்பது முரணாகத் தோன்ற வேண்டிய காரணமில்லை.

இவ்வளவு புகழ்ந்த பின் அதன் எல்லையையும் சொல்வதே நேர்மை. 2018-ஆம் ஆண்டு ஒலிம்பிக் அணியில் பியோர்ண்டாலனுக்கு இடம் கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் அவர் ஓய்வை அறிவித்தபோது, இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை கண்டறியப்பட்டதை ஒரு காரணமாகத் தெரிவித்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எந்தத் துடிப்போடு இணங்கி வாழக் கற்றாரோ, அதுவே இசைவு தவறிற்று. கருவியும் இரவலாகப் பெற்றதே. மறு ஆண்டு, தாமும் ஒலிம்பிக் தங்கங்கள் பெற்றவரான மனைவி தார்யா தொம்ராச்சேவாவுடன், சீன நாட்டு அணிக்குப் பயிற்சி அளிக்கச் சென்றார். போட்டிக் காலம் முழுவதும், நோய்க்கிருமிக்கு அஞ்சி, சென்ற இடமெல்லாம் தங்கும் அறையைத் துப்புரவு செய்யத் தூசி உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை அவர் கூடவே கொண்டு போனார் என்பதும் பலரும் எழுதிய செய்தி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவ்வளவு உயர்ந்த சாதனைக்கு அவ்வளவு ஜாக்கிரதை வேண்டியிருந்தது. ஆனாலும், குறிமேடையின் அரை நிமிஷத்தில் கைகூடிய அபயம், விடுதி அறையின் வாசலில் அவரை விட்டுப் பிரிந்தது என்பதை நாம் கவனிக்காமல் இருக்க முடியாது. அப்பியாசத்தால் ஒரு தொழிலில் பெற்ற அமைதி அந்தத் தொழிலோடு கட்டுண்டு நிற்கிறது. ஞானியின் அமைதிக்கு மேடையும் இல்லை, மணி அடித்து முடிகிற நேரமும் இல்லை. முன்னது பின்னதற்கு வழியாகலாம் என்று நான் நம்புகிறேன், ஆனால் தானாகவே அது அங்கே கொண்டு சேர்த்துவிடும் என்று சொல்லத் துணிய மாட்டேன். வில்லேந்தியவருள் தனக்கு நிகரில்லாதவனாகிய அர்ஜுனனுக்கும் இது தெரிந்திருந்தது போலும். ஸ்திதப்பிரஞ்ஞனைப் பற்றிக் கண்ணனிடம் கேட்டபோது, அவன் எப்படி அம்பு எய்வான் என்று கேட்கவில்லை. எப்படிப் பேசுவான், எப்படி உட்காருவான், எப்படி நடப்பான் என்றுதான் கேட்டான்.